பிசகாத கை

இல்ல தம்பி, பால் தீந்து போகல. எங்க வீட்ல டீயக் கப்புல பாதிதான் ஊத்துவோம். பழக்கம். சொந்தக்காரங்க எல்லாம் எங்கம்மாவுக்குக் கஞ்ச மகாராணின்னே பேரு வச்சிருந்தாங்க. வேணும்னா இன்னொரு தடவ ஊத்தறேன், கூச்சப்படாதீங்க.

என்ன, அப்பாவுக்கும் பாதிதானான்னா கேக்கறீங்க? பாத்தீங்களா, இதுக்குத்தான் அண்ணன் சொன்னான், அந்தப் புத்தகம் எழுதற பையன் வந்தா நாலு வார்த்தை பேசி அனுப்பிடு, டீ கீயெல்லாம் வேணாம்னு.

அவன்தானே உங்கள எழுதச் சொன்னது. அப்பாவோட வாழ்க்கை, அப்பா கட்டுன ஆஸ்பத்திரி. பேருகூட அவனே வச்சிட்டான், பிசகாத கைன்னு. நான் என்னத்தப் புதுசா சொல்ல? அப்பா பெரிய சர்ஜன். தையல் போட்ட எடம் தெரியாது. நல்லா இருக்கும்போதே கத்தியக் கீழ வச்சிட்டாரு, எங்களோட இருக்கணும்னு. அதத்தானே எல்லாரும் சொல்லியிருப்போம். ஒரு வார்த்தைகூட மாறலையா? மனப்பாடம் பண்ணி ஒப்பிச்ச மாதிரியா?

யாரு, பழைய ஆபரேஷன் தியேட்டர் நர்ஸா? அவங்க இன்னும் இருக்காங்களா? என்ன சொன்னாங்க?

அவ்வளவும் சொல்லிட்டாங்களா.

சரி, பேனாவ மூடுங்க. கேட்டுக்குங்க, போதும். அப்பாவுக்குக் கை நடுங்குச்சு. மொதல்ல சாயங்காலத்துல மட்டும். கப்ப எடுத்தா சாசர்ல கடகடன்னு சத்தம் வரும். அம்மா சாசர எடுத்துட்டாங்க. அப்புறம் டீ தளும்புச்சு. பாதியா ஊத்துனாங்க. அவருக்கு மட்டும் பாதின்னா மனசு கஷ்டப்படும்ல? அதனால எங்க எல்லாருக்குமே பாதி. யாரும் யாருகிட்டயும் ஒண்ணும் பேசிக்கல தம்பி. ஒருநாள் அம்மா, அவருக்குக் குளுருதுன்னாங்க. அவ்வளவுதான், ஃபேன நிறுத்திட்டோம். கொளுத்தற வெயில்ல நாலு பேரும் வேர்த்து ஒழுக ஒழுக உக்காந்து, குளுருது குளுருதுன்னுகிட்டு இருந்தோம். சிரிங்க, பரவால்ல. எனக்கே சில சமயம் சிரிப்பு வரும்.

இல்ல, நடிக்கல. அத எப்படிச் சொல்றது... நெசமாவே குளுருதுன்னுதான் நெனச்சோம். நான் ஒரு ஸ்வெட்டரே பின்னிக் குடுத்தேன்னா பாத்துக்குங்களேன்.

ஆமா, நர்ஸு சொன்ன அந்தத் தையக்காரம்மாதான். அப்பா கடைசியா ஆபரேஷன் பண்ணது அவங்களுக்குத்தான். வெளிய வந்து, இதயம் பலவீனம், தாங்கலன்னாரு. நாங்க தலையாட்டுனோம். அண்ணன் அப்ப டாக்டருக்குக் கடைசி வருஷம். அவனுக்குத் தெரியாதா? அவன்தான் மொதல்ல தலையாட்டுனான். அந்தம்மாவோட புருஷன் வந்து அப்பா கையப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு. உங்களால ஆனதச் செஞ்சீங்க ஐயான்னாரு. அவருக்குத் தெரிஞ்சிருக்காதான்னு நானும் நெனச்சுப் பாத்திருக்கேன். எப்படித் தெரியும்? அழுதுகிட்டிருந்தாரு, அவரு கையும்தானே ஆடிக்கிட்டிருந்துச்சு.

அப்ப, எழுதத்தான் போறீங்க. எழுதுனா அண்ணன் புத்தகத்தையே நிறுத்திடுவான், தெரியும்ல? இதுதான் மொத வேலைன்னீங்க. உங்க வீட்ல நீங்கதான் மொதல்ல படிச்ச ஆளுன்னு வேற சொன்னீங்க. பாவம், வந்ததும் வராததுமா உங்களுக்கு இப்படி ஒரு வீடா வந்து வாய்க்கணும்?

நிறுத்துனா நிறுத்தட்டுமா? அட, ஆளு ஒல்லியா இருந்தாலும் தைரியசாலிதான்.

அதுக்கில்ல தம்பி. அப்பா போய்ச் சேந்தாச்சு, அவரப் பத்தி நீங்க எழுதுனாலும் ஒண்ணுதான், எழுதாட்டியும் ஒண்ணுதான். அண்ணனப் பாக்கணும்னீங்கள்ல, இப்பவே போங்களேன். இந்நேரம் ஆஸ்பத்திரியில அவன் ரூம்லதான் இருப்பான். என்ன கேக்கறதா? தெரியல. நர்ஸு சொன்னத அப்படியே அவன் மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க. சொல்லும்போது அவனப் பாருங்க.

கொஞ்ச நாளா காலையில மாடியிலேர்ந்து எறங்கி நேரா எங்கிட்டதான் வர்றான். சட்டைப் பட்டன் போட்டு விடச் சொல்லுவான். அண்ணிக்குத் தெரிய வேணாமாம். கண்ணாடி போட்டும் சரியாத் தெரியலங்கறான். நானும் ஆமாண்ணா, இப்பல்லாம் பட்டன ரொம்பச் சின்னதா வக்கிறாங்கன்னு சொல்லிகிட்டே போட்டு விடறேன்.

நாளைக்கு அவன் ஒரு ஆபரேஷன் பண்ணப் போறான் தம்பி. சின்னப் பொண்ணாம். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க.