லவ்வோடு ஒட்டிய ‘டு’

ஆனையூர் பேருந்தில் என் முன் இருக்கையில் ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். செல்லூரில் ஏறிய இளைஞன் அவள் பக்கத்தில் உட்கார்ந்ததும், ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

“அதான் லவ் பண்ணி முடிச்சாச்சே, இன்னும் என்ன பேச்சு?”

“யாரு முடிச்சா?”

“நீங்கதான். ‘ஐ லவ்டு யூ’ன்னு மெசேஜ் போட்டீங்கள்ல? முன்னாடி காதலிச்சேன், இப்ப இல்லன்னு அர்த்தம்.”

“ஏ, காலேஜ்லருந்து லவ் பண்றேன்ல, அதான் ‘டு’ சேத்தேன்.”

“நல்லாச் சேத்தீங்க. அதப் படிச்சதுலருந்து எனக்குச் சோறு எறங்கல.”

“அப்ப ‘இங்’ போட்டிருக்கணுமோ?”

“இனி எதையும் ஒட்ட வேணாம் சாமி. ஞாயித்துக்கெழம என்னயப் பொண்ணு பாக்க வாராங்க. நீங்கதான் முடிச்சுட்டீங்களேன்னு நானும் சரின்னுட்டேன்.”

அவன் முகம் சுண்டிப்போனது.

“இப்ப நான் என்ன செய்யணும்?”

“அதுக்குள்ள வந்து எங்கப்பாகிட்டப் பொண்ணு கேளுங்க.”

“இன்னைக்கே வாரேன்.”

நிறுத்தம் வந்தது. எழுந்தவள் அப்போதுதான் அவனை நேராகப் பார்த்தாள்.

“வாங்க. ஆனா தமிழ்ல கேளுங்க.”

அவனும் அவள் பின்னாலேயே இறங்கினான்.