பாகு ரொட்டி மட்டும் வேண்டாம்

– அதை நோட்டுலேர்ந்து அடிச்சிடுங்க மாஸ்டர். பொரிச்சது எதுவும் ஆகாது. எங்க சம்பந்தியம்மாவுக்கு எண்ணெய்ன்னு பேச்செடுத்தாலே நெஞ்சு கரிக்கும்.

– அடிச்சாச்சும்மா. வேகவச்ச கிழங்கு?

– என் நாத்தனார் தொடமாட்டா. மண்ணுக்குக் கீழ விளைஞ்சது எதுவும் வேண்டாமாம்.

– சரி. பால்ல ஏதாவது?

– என் பொண்ணு பால், தயிர், நெய் எல்லாத்தையும் விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. தேன்கூட வேண்டாங்கறா. தேனீ பாவமாம்.

– தேனீ பாவம். பெத்த அப்பன் பாவமில்ல. காலையில கஞ்சி, மத்தியானம் தழை, ராத்திரி காலையில மிஞ்சின கஞ்சி. எனக்கென்ன, கொம்பு முளைக்கிறது ஒண்ணுதான் பாக்கி.

– ஏங்க, வந்தவர் முன்னாடி மானத்தை வாங்காதீங்க. மாஸ்டர், இவர் பேச்சை எழுதாதீங்க. மாப்பிள்ளை விஷயத்தை எழுதுங்க. அவர் ஒரு மணிக்கு முன்னாடி பல்லுல எதுவும் படவிடமாட்டார்.

– பந்தி பன்னிரண்டுக்குன்னு சொன்னீங்களேம்மா?

– வந்து உட்காருவார். தட்டைப் பார்ப்பார். அவ்வளவுதான்.

– நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? முப்பது வருஷத்துக்கு முன்னாடி உங்க கல்யாணத்துக்கு நானூறு பேருக்குச் சமைச்சேன். உங்க அப்பா என்கிட்ட கேட்டது ஒரே கேள்வி: "பத்துமா?" அவ்வளவுதான். இப்ப எந்த வீட்டுக்குப் போனாலும் "இதுல என்ன இருக்கு, இதுல என்ன இருக்கு"ன்னு தோண்டறாங்க. இப்ப நாற்பது பேர்தான் வராங்க, அதுக்குள்ள என் நோட்டு முழுக்க அடிச்சுக் கிடக்கு. மிஞ்சினது வெள்ளரிக்காயும் வெந்நீரும்தான்.

– வெள்ளரிக்காய் சித்தப்பாவுக்குச் சளி பிடிக்கும்.

– அப்ப வெந்நீர்.

– எனக்கு ரெண்டு டம்ளர் வைங்க மாஸ்டர். நாளைக்கு எங்க முப்பதாவது கல்யாண நாள், வயிறு நிறைய சாப்பிடணும்.

– சும்மா இருங்களேன்! மாஸ்டர், மத்தது எதுவா இருந்தாலும் உங்க இஷ்டம். ஒண்ணே ஒண்ணு மட்டும் என் இஷ்டம். அன்னைக்குப் போட்டீங்களே, பாகு ரொட்டி. அதுதான் இனிப்பு.

– அது... வேண்டாம்மா.

– ஏன்?

– அதெல்லாம் பழைய காலத்து இனிப்பு. இப்ப யாரும்மா சாப்பிடறாங்க? பழம் நறுக்கி அழகா அடுக்கித் தரேன்.

– சேதி புரிஞ்சிடுச்சு. மாஸ்டருக்குச் செய்முறை மறந்துபோச்சு. வயசாயிடுச்சு, பாவம்.

– ஐயா! என்னைப் பார்த்து இந்த வார்த்தை சொல்லலாமா? ரொட்டி முந்தின நாள் வாங்கினதா இருக்கணும், புதுசு போட்டா கஞ்சியாயிடும். ஓரத்தை வெட்டி எறியணும். நெய்யில போட்டா முதல்ல சடசடன்னு பேசும். பேச்சு நின்னதும் எடுக்கணும். எத்தனை நிமிஷம்னு கேட்டா நான் எழுந்து போயிடுவேன், அது நெய்யைக் கேட்க வேண்டிய கேள்வி. பாகு விரல்ல ஒட்டணும், ஆனா பிடிச்சு வச்சுக்கக் கூடாது. மேல பாலாடை. இப்ப சொல்லுங்க, மறந்துபோச்சா?

– ஐயோ, போதும். எனக்கு எச்சில் ஊறுது. இனிப்புப் பேச்சுலகூட ஊறக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்.

– அப்ப செய்யறதுக்கு என்ன மாஸ்டர்? ஏன் தலையை ஆட்டறீங்க? உங்களுக்கு விஷயம் தெரியாதா? அன்னைக்குப் பந்தியிலேர்ந்து எங்க அண்ணன் எந்திரிச்சுப் போனது அந்தப் பாகு ரொட்டியாலதான். முப்பது வருஷமா இந்த வீட்டு வாசப்படி மிதிக்கல. என் பொண்ணு பிறந்தா, வரல. எனக்கு ஆபரேஷன், வரல. பழக்கூடை வந்துச்சு, ஆள் வரல. இப்ப என் பொண்ணு போன் பண்ணி மாமான்னு கெஞ்சினதும் வரேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கார். எந்த இனிப்புல எழுந்தாரோ அதே இனிப்பை என் கையால வச்சு அவரைச் சாப்பிட வைக்கணும். எனக்கு வேற எதுவும் வேண்டாம்.

– அழாதேம்மா நீ. எல்லாம் என் வாய்க்கொழுப்பு. ஒத்துக்கிட்டேன், ஆயிரம் தடவை ஒத்துக்கிட்டாச்சு.

– என்ன சொன்னீங்கன்னு மாஸ்டர் முன்னாடியே சொல்லுங்க.

– "மச்சானுக்கு ரெண்டா வைங்க, இதெல்லாம் எங்க பார்த்திருக்கப் போறார்"னு சொன்னேன். புது மாப்பிள்ளை மிதப்பு. விளையாட்டுக்குத்தான் சொன்னேன் மாஸ்டர். மறுநாளே போய் அவர் வீட்டு வாசல்ல நின்னேன், ஜன்னலைச் சாத்திட்டார். முப்பது வருஷமா இவ எதுக்குக் கோபப்பட்டாலும் கடைசியில அந்தப் பாகு ரொட்டியில வந்துதான் நிக்கும். குழாய் சொட்டினாலும் அதுதான், சாவி தொலைஞ்சாலும் அதுதான்.

– தப்பு பண்ணினவர் கேட்டுத்தான் ஆகணும்.

– அம்மா, நான் ஒண்ணு சொல்லட்டுமா? உங்க அண்ணனுக்கு இப்ப சர்க்கரை இருக்கு. அவருக்குப் போய்...

– அவருக்குச் சர்க்கரை இருக்கறது உங்களுக்கு எப்படித் தெரியும்?

– அது வந்து... நேத்து வீட்டுக்கு வந்திருந்தார்.

– யாரு, எங்க அண்ணனா? உங்க வீட்டுக்கா?

– "மாஸ்டர், என் தங்கச்சி உங்களைக் கூப்பிடுவா. என்ன வேணா போடுங்க, அது மட்டும் வேண்டாம்"னார்.

– பார்த்தீங்களா! முப்பது வருஷம் ஆகியும் கோபம் ஆறல! எல்லாம் உங்களாலதான், உங்க நாக்காலதான்!

– இரும்மா, நாளைக்கு அவர் கால்ல விழுந்துடறேன். முட்டி மடங்கினா விழறேன்.

– விழாதீங்க ஐயா! தயவுசெஞ்சு விழாதீங்க. அவருக்குக் கோபமே கிடையாது. அவருக்கு இருக்கறது வெட்கம்.

– வெட்கமா? அவமானப்படுத்தினது இவர், வெட்கம் அவருக்கா? என்ன மாஸ்டர் உளர்றீங்க?

– யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு என் கரண்டி மேல சத்தியம் வாங்கினாரும்மா. கரண்டியைத் தொட்டுட்டு மீறினா அப்புறம் நான் அடுப்படிக்குப் போக முடியாது. ஆனா ஐயா கால்ல விழறேங்கறார். எனக்கு மனசு கேட்கல. போகுது, இந்த வருஷத்தோட கரண்டியைக் கீழ வச்சிடறேன். கல்யாணத்தன்னைக்கு விடியக்காலையில உங்க அண்ணன் சமையல்கட்டுக்கு வந்தார்.

– மேற்பார்வை பார்க்க. எங்க அப்பாதான் அனுப்பினார்.

– பார்த்தார். பாகு ரொட்டியில ஒண்ணு எடுத்து, இனிப்பு சரியான்னு பார்த்தார். ரெண்டாவது, நெய் சரியான்னு பார்த்தார். மூணாவதுக்குக் காரணம் சொல்லல. இருபத்தாறு வரைக்கும் எண்ணினேன். அப்புறம் பால்காரர் வந்துட்டார், நான் அந்தப் பக்கம் போயிட்டேன்.

– இருபத்தாறா!

– கொடுத்து வச்ச மனுஷன்! அப்ப பந்தியில நான் ரெண்டா வைங்கன்னப்போ அவர் ஏற்கெனவே...

– தட்டுல விழுந்ததைப் பார்த்ததும் முகமே கறுத்துப்போச்சு ஐயா. நான் நேருக்கு நேர் நின்னேன்.

– கோபத்துல அப்படி ஆச்சு! நான்தான் பார்த்தேனே. கண்ணெல்லாம் கலங்கி, பல்லைக் கடிச்சு, ஒரு வார்த்தை பேசாம நாற்காலியைத் தள்ளிட்டுப் போனார். எங்க அப்பா "என் பிள்ளையை அசிங்கப்படுத்திட்டாங்க"ன்னு துண்டை உதறினார். வாசல்ல, தெருவுலன்னு ஊரே தேடுச்சு, பஸ் நிறுத்தம் வரைக்கும் ஆள் போச்சு.

– வாசல்லதானேம்மா தேடினீங்க? முக்கால் மணி நேரம் கழிச்சுப் பின்பக்கமா வந்து எட்டிப் பார்க்கறார், ரெண்டு வீட்டுக்காரங்களும் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க, உங்க அப்பா உங்க அண்ணன் மானத்துக்காக நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு அழறார். அந்த நேரத்துல போய், "அப்பா, எனக்குக் கோபமே இல்ல, நான் கழிப்பறையில இருந்தேன்"னு எப்படிம்மா சொல்லுவார்?