ஒன்மோர்

கண்ணாடி வளையல் போட்டுவரும் பெண்களை நான் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் விட்டதில்லை. சாவிக்கொத்து, சில்லறை எல்லாம் வாசலோடு சரி. கோடம்பாக்கத்தில் நான் இசையமைப்பாளனாக இருந்த நாளில் இதற்காக என்னைக் கேலி செய்யாதவர்கள் குறைவு. பாடகியும் வாத்தியக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே மூச்சில் பதிவு செய்த காலம் அது. ஒருவர் பையில் சாவி குலுங்கினாலும் முழுப்பாட்டும் போச்சு.

கடைசிச் சரணத்தில் அம்புஜவல்லியின் குரல் உடைகிறதே, அதை எப்படி வாங்கினீர்கள் என்று வானொலிக்காகக் கேட்டீர்கள். இத்தனை வருடமாகத் தெய்வச் செயல் என்றுதான் சொல்லிவந்தேன். அது பொய்.

படத்தில் அது ஏரிக்கரைப் பாட்டு. மூழ்கிப்போன கணவனை ஒருத்தி கூப்பிடுகிறாள். அவள் மனுஷியா பேயா என்று கேட்பவனுக்குத் தெரியக் கூடாது. அம்புஜவல்லி சுத்தமாகத்தான் பாடினாள். ஆனால் அவள் புருஷன் மாசிலாமணி எதிரிலேயே உட்கார்ந்து புல்லாங்குழல் வாசித்துக்கொண்டிருந்தான். அவனைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு அவள் யாரைத் தேடுவாள்? ஒன்மோர், ஒன்மோர் என்று திரும்பத் திரும்ப முதலிலிருந்து பாடவைத்தேன்.

"அண்ணே, அவருக்கு மூச்சு வாங்குது. போன டேக்கே நல்லாத்தானே இருந்துச்சு?" என்றாள்.

"நல்லா இருந்துச்சும்மா. பயமா இல்லியே."

அப்போதுதான் மாசிலாமணியின் சட்டைப்பையில் ஒரு தகர டப்பா கண்ணில் பட்டது. கையை நீட்டினேன்.

"இது மட்டும் இருக்கட்டும்ணே. நெஞ்சு வலிச்சா நாக்குக்கடியில வைக்கிற மாத்திரை."

"குலுங்குதுய்யா."

"மூச்சும்தான் சத்தம் போடுது. அதையும் கழட்டி வச்சுட்டு வாசிக்கட்டுமா?" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தான். நல்ல மனிதன்.

டப்பாவைக் கைக்குட்டையில் சுற்றி என் பையில் போட்டேன். சுற்றியதும் அது குலுங்கவில்லை. அப்படியே அவனிடம் திருப்பிக் கொடுத்திருக்கலாமே என்று உங்கள் முகம் கேட்கிறது. எனக்கும் தோன்றியது. ஆனால் அம்புஜவல்லி என் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து நான் தேடிய பயம் அவள் கண்ணில் இருந்தது. அதனால் கொடுக்கவில்லை.

சிவப்பு விளக்கு எரிந்தது. எரிந்துவிட்டால் யாரும் பேசுவதில்லை, எழுவதில்லை. எங்களுக்கு அது ரத்தத்தில் ஊறியது. கடைசிச் சரணத்துக்கு முந்தைய இசை முடிந்ததும் மாசிலாமணி குழலை ஓசைப்படாமல் மடியில் வைத்தான். பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அவள் பாடிக்கொண்டே அதைப் பார்த்துவிட்டாள். எல்லோரும் என் வலது கையைப் பார்த்தார்கள். அதை இறக்கினால் பாட்டு நின்றுவிடும். என் இடது கை பைக்குள் போய் டப்பாவைத் தொட்டது. அந்த நேரத்தில்தான் அவள் குரல் உடைந்தது. நான் வெறும் கையை வெளியே எடுத்து வயலின்காரர்களுக்குச் சைகை காட்டினேன்.

பாட்டு முடிந்து விளக்கு அணைந்தபோது அவன் சரிந்து கிடந்தான். டாக்டர் வந்து உதட்டைப் பிதுக்கினார். டப்பாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவள் மட்டும் என் பையைப் பார்த்தாள். அதன்பின் அவள் எங்கேயும் பாடவில்லை.

அவனைக் கொன்றது நான்தான். பதிவு செய்துகொள்ளுங்கள். கூடவே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் தபேலா ஓர் இழை பிந்தியது, என் காதுக்கு அது தப்பவில்லை. இருந்தும் அந்த டேக்குக்குப் பிறகு நான் ஒன்மோர் கேட்கவில்லை. அந்த அளவுக்கு எனக்கும் இரக்கம் உண்டு.