சொர்ணம் வீட்டுக்கு வைத்த பெயர்

நம் சாப்பாட்டுக்கடை, டீக்கடைக்காரர்கள் கூட்டத்துக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் ஐயா பலராமன் அவர்களே! ஒற்றை அடுப்பை நம்பி ஊருக்குச் சோறு போடும் அண்ணன்மார்களே! புகையில் கண் சிவந்து, அநியாயம் கண்டு மேலும் சிவந்து வந்திருக்கும் தாய்மார்களே! கோரிமேட்டில் டீக்கடை நடத்தும் சக்கரபாணியின் வணக்கம்!

இனிக்க இனிக்கப் பேச இன்று நான் வரவில்லை. எரிகிறது நெஞ்சு!

எங்கள் தெரு சொர்ணம் அக்காவை மில் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். மூலையில் முடங்கினாரா? இல்லை! தன் ஓட்டு வீட்டில் இரண்டு அறைகளுக்கு வெள்ளையடித்தார். நோயாளியைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு மரத்தடியில் கிடந்த ஏழைகளுக்கு, கொடுத்த காசை வாங்கிக்கொண்டு படுக்கப் பாய் கொடுத்தார்; பசிக்குச் சோறு கொடுத்தார்.

எதிரே எழுந்தது நாலு மாடி லாட்ஜ். மாடி வந்தது, மனிதர் வரவில்லை; வந்தவர் எல்லாம் சொர்ணம் வீட்டுக்கே போனார்கள்! சிரிக்காதே தம்பி, சிரிக்கிற கதையா இது?

அந்த முதலாளி கொடுத்த புகாரில், போன மாதம் பட்டப்பகலில் போலீஸ் ஜீப் வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தார் கனகசெட்டிக்குளத்து மீனவர் இருசப்பன்; மனைவிக்கு அன்றுதான் ஆபரேஷன். எச்சில் கையோடு இழுத்தார்கள் அவரை! 'இது விபசார வீடு' என்று தெருவே கேட்கக் கத்தினார்கள்! சொர்ணத்தையும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஸ்டேஷனில் அதிகாரி சொன்னார்: "தப்புதான்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போ. இனிமே வூட்ல ஆளத் தங்க வைக்காத."

"நான் சோறுதான் சார் போட்டேன். செய்யாத தப்புக்குக் கையெழுத்துப் போடமாட்டேன்."

அதட்டினார்கள், போடவில்லை! அடைப்போம் என்றார்கள், போடவில்லை!

சேதி கேட்டு ஆஸ்பத்திரியிலிருந்து பெண்கள் ஓடி வந்தார்கள். கைக்குழந்தையோடு முன்னால் நின்ற கொளஞ்சி கேட்டாள்: "நானும் எம் மாமியாரும் அந்த வூட்லதான் படுக்கறோம். அவங்களுக்கு என்னா பேரு வச்சீங்களோ, அதையே எங்களுக்கும் வச்சு உள்ள போடுங்க!"

வாசலை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். பொழுது சாயுமுன் இருவரையும் விட்டார்கள்.

விட்டார்கள்! வீசிய பழியை யார் துடைப்பது? சொர்ணத்தின் மகளைப் பெண்கேட்டு வந்தவர்கள் பின்வாங்கிவிட்டார்களே, யார் பதில் சொல்வது?

எந்தத் தெருவில் கத்தினீர்களோ, அந்தத் தெருவில் நின்று மன்னிப்புக் கேளுங்கள்! கேட்கும்வரை அந்த ஸ்டேஷனுக்கு என் கடையில் ஒரு டம்ளர் டீ கிடையாது! ஓசியிலும் கிடையாது, காசுக்கும் கிடையாது! என்ன சொன்னீர்கள்? உங்கள் கடையிலும் கிடையாதா? உரக்கச் சொல்லுங்கள், ஸ்டேஷன்வரை கேட்கட்டும்!

சொர்ணம் இந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. அச்சமா? அவமானமா? இரண்டும் இல்லை! ஆஸ்பத்திரியிலிருந்து பசியோடு வருவோருக்கு உலை வைத்திருக்கிறார். அந்தக் கைகளுக்கு என் வணக்கம்; காது கொடுத்த உங்களுக்கு என் நன்றி!