அசல் கறுப்பு

பந்தி ரெடின்னு பின்னாடி ஒருத்தர் கை காட்டுறார்... பாத்துட்டேன்யா! சாம்பார் எங்கயும் ஓடிப் போகாது. மாப்பிள்ளை, பொண்ணு, ரெண்டு வீட்டுச் சம்பந்திமாரே... சின்னதா ஒரு கதை இருக்கு. அதைச் சொல்லிட்டு மைக்கை வெச்சுடுறேன்.

கோவில்பட்டிப் பக்கம் சங்கிலிமுத்துன்னு ஒருத்தர். ரெண்டு பொண்ணு. மூத்தவ பூங்கோதை, இளையவ செண்பகவல்லி. இளையவ கல்யாணத்துக்குச் சீரா ஒரு டிவி வாங்கணும். புது மாப்பிள்ளைக்கு மட்டும் வாங்கினா மூத்த மாப்பிள்ளை தனுஷ்கோடி சும்மா இருப்பாரா? அவர் யாரு? தட்டுல வெச்ச வெத்தலை வாடியிருந்துச்சுன்னு விருந்தை விட்டு எந்திரிச்சுப் போனவரு! அதனால ரெண்டு பேருக்கும் டிவி. ஒரே கம்பெனி, ஒரே அளவு.

கடைக்காரத் தம்பி கேட்டான். "ஐயா, வீட்டுல வெளிச்சம் எப்படி?"

"மூத்தவர் மாடி வீடு. ஹாலுக்கு மேற்க பாத்து பெரிய கண்ணாடி ஜன்னல். இளையவர் சந்துக்குள்ள வாடகை வீடு. பகல்லயே லைட்டு போடணும்."

"அப்ப இருட்டு வீட்டுக்கு ஓஎல்இடி. அதுல ஒவ்வொரு புள்ளியும் தானா எரியும், தானா அணையும். கறுப்புன்னா சுத்தக் கறுப்பு. வெயில் வீட்டுக்கு எல்இடி. பின்னாடி விளக்கு எரியுறதால கறுப்பு கொஞ்சம் வெளுத்துத் தெரியும். ஆனா பட்டப்பகல்லயும் படம் பளிச்சுனு இருக்கும். இது ஓஎல்இடில கீழ் மாடல், அது எல்இடில மேல் மாடல். விலை ரெண்டும் ஒண்ணுதான்."

பாருங்க... எவ்வளவு அழகா முடிஞ்ச விஷயம்! முடிய விட்டாரா தனுஷ்கோடி?

ஒருநாள் சாயங்காலம் சகலை வீட்டுக்கு விருந்துக்குப் போனாரு. டிவி ஓடுது. பாத்தாரு... கிட்டப் போய்ப் பாத்தாரு... முகம் சுண்டிப் போச்சு.

"ஏம்மா பூங்கோதை... இந்த டிவில கறுப்பு எப்படி இருக்கு பாரு. நம்ம வீட்டுக் கறுப்பு சாம்பலால்ல இருக்கு? உங்கப்பன் இளையவனுக்கு அசல் கறுப்பு, எனக்குச் சாயம் போன கறுப்பா?"

என்ன கொடுமை சார் இது! பொண்ணு பாக்கப் போனப்ப "பொண்ணு சிவப்பா இருக்கணும்"னு நூறு தடவை கேட்ட அதே மனுஷன்... டிவி மட்டும் கறுப்பா இல்லையேன்னு அழுவுறாரு!

மாமனார் எடுத்துச் சொன்னாரு. "மாப்பிள, உங்களுது மேல் மாடல்."

"மேலோ கீழோ... ஓஎல்இடிதான் ஒசத்தின்னு ஊரே சொல்லுது மாமா. இனி உங்க வீட்டு வாசலை நான் மிதிக்க மாட்டேன். உங்க பொண்ணும் மிதிக்க மாட்டா."

சொன்னபடியே செஞ்சாருய்யா. அந்தப் பொண்ணு மாசக்கணக்கா அம்மா வீட்டுக்குப் போகல. இளையவளுக்கு வளைகாப்பு வந்துச்சு. "அக்கா வந்து வளையல் போடாம நான் மணையில உக்கார மாட்டேன்"னு போன்ல அவ அழுவுறா. இங்க இவ அடுப்படியில நின்னு அழுவுறா. எதுக்கு? ஒரு கறுப்புக்கு!

இளைய மாப்பிள்ளைக்கு மனசு கேக்கல. வளைகாப்புக்கு முந்தின நாள் காலையில டிவியை ஆட்டோவுல ஏத்திட்டு வந்துட்டாரு. "அண்ணே, நீங்க இதை வெச்சுக்கோங்க. உங்களுதை நான் எடுத்துக்கறேன். மதினியை அனுப்பிவிடுங்க."

தனுஷ்கோடிக்கு முகமெல்லாம் பல்லு! அன்னிக்கு மத்தியானம் கிரிக்கெட் மேட்ச். தெருவுல பாதியைக் கூப்பிட்டு உக்கார வெச்சாரு. "வாங்க, வாங்க... அசல் கறுப்பு பாருங்க!"

மேற்க வெயில் இறங்குச்சு. கண்ணாடி ஜன்னல் வழியா நேரா வந்து டிவி மேல அடிச்சுது.

"யோவ், பந்து எங்கய்யா போச்சு?"

"பந்தை விடு... பேட்ஸ்மேனையே காணோம். பனியனோட ஒருத்தன் தெரியுறானே, அவன் யாரு?"

யாரு? தனுஷ்கோடிதான்! டிவிக்குள்ள அவரே கால் மேல கால் போட்டு உக்காந்திருக்காரு. நல்ல கறுப்புல, துல்லியமா, மீசை வரைக்கும் தெரியுது!

ஆளுங்க சிரிச்சுட்டே கிளம்பிட்டாங்க. இவருக்கு வந்துச்சு பாருங்க கோவம். "ஓட்டை டிவியை என் தலையில கட்டிட்டானுங்க! நாளைக்கு வளைகாப்புக்கு இந்த வீட்டுல இருந்து ஒரு ஈ காக்கா போகக்கூடாது!"

பூங்கோதை அதுவரைக்கும் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்ல. அன்னிக்கு கரண்டியோட ஹாலுக்கு வந்தா. டிவியைக் காட்டினா.

"எங்கப்பா குடுத்த டிவில குறைன்னீங்க, எந்தங்கச்சி வீட்டு டிவில குறைன்னீங்க. நல்லாப் பாருங்க... இந்த வீட்டுல எங்க குறைன்னு இப்பத்தாங்க பளிச்சுனு தெரியுது."

தனுஷ்கோடி பாத்தாரு. அவரைத் தவிர அதுல வேற யாருமே இல்ல.

மறுநாள் வளைகாப்புக்கு முதல் ஆளா வந்து இறங்குனது யாரு தெரியுமா? அவருதான். ஒரு கையில வளையல் பெட்டி, பக்கத்துல பூங்கோதை... ஆட்டோவுக்குள்ள டிவி! அங்க இளையவர் "நல்லவேளை வந்தீங்க அண்ணே, உங்க டிவி எங்க சின்ன ரூம்ல கண்ணு கூசுது"ன்னு சொல்லி, அவரு மானத்தையும் காப்பாத்திட்டாரு.

இதை ஏன் இந்த மேடையில சொல்றேன்? அடுத்த வீட்டுல இருக்கிறது ஒசத்தியா தாழ்த்தியான்னு கேக்காதீங்க தங்கங்களே. உங்க வீட்டுக்கு வெயில் எந்தப் பக்கம் வருதுன்னு பாருங்க. மாமியார் சொல்றது, சகலை வாங்குறது, ஊர் பேசுறது... இதையெல்லாம் வெச்சு அளந்தீங்கன்னா, கட்டிட்டு வந்த பொண்ணுதான் அடுப்படியில நின்னு அழணும்.

மாப்பிள்ளைத் தம்பி... வரும்போதே சீர்வரிசையில ஒரு பெரிய அட்டைப்பெட்டி பாத்தேன். எந்த மாடல்னு நான் பாக்கல. உங்க சித்தப்பா ரெண்டு தடவை குனிஞ்சு பாத்துட்டாரு. நீங்க பாக்காதீங்க... பக்கத்துல உக்காந்திருக்கிற பொண்ணு முகத்தைப் பாருங்க.

போங்க, சாப்பிடப் போங்க!