குறுக்கே வந்தது யார்?

விழாவுக்குத் தலைமையேற்று, வேலைகளை ஒதுக்கி வைத்துவிட்டு வந்து வீற்றிருக்கும் நம் நகர் நலச் சங்கத் தலைவர் கோவிந்தசாமி அவர்களே! முன்னிலை வகிக்கும் மூத்தவர், எந்தச் சண்டையானாலும் இரண்டு பக்கத்துக்கும் டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்துவைக்கும் மக்பூல் அகமது பாய் அவர்களே! ஷூ கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்து, வீட்டுக்குக்கூடப் போகாமல், டிபன் பையை மடியில் வைத்தபடி தரையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, பூட்டினோமா இல்லையா என்று அடிக்கடி திரும்பிப் பார்க்கும் சகோதரர்களே! காரைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு, யாராவது உரசிவிடுவார்களோ என்று அவர்களைவிட அடிக்கடி திரும்பிப் பார்க்கும் பெரியோர்களே! உங்கள் அனைவருக்கும் இந்தப் பிரிசில்லாவின் பணிவான மாலை வணக்கம்.

என்னை அறிமுகம் செய்தவர், 'தமிழாசிரியை, தேன்தமிழ்ப் பேச்சாளர்' என்றார். இன்று தேன் கிடைக்காது. மனம் நிலைகொள்ளாமல் வந்து நிற்கிறேன். நின்ற இடத்தில் நிற்க முடியாமல் மைக் வயரை மிதித்துக்கொண்டிருக்கிறேன். மைக்செட்காரர் முறைக்கிறார். பொறுத்துக்கொள்ளுங்கள் ஐயா, இன்று இந்தக் கால்கள் சொன்னபடி கேட்காது.

எனக்குக் கொடுத்த தலைப்பு என்ன? நோட்டீஸில் அச்சடித்திருக்கிறார்கள், 'சைக்கிளில் செல்வோரின் கடமைகள்'. அழகான தலைப்பு. எனக்கு அடுத்துப் பேசுபவருக்கு? 'தலைக்கவசத்தின் அவசியம்'. அதற்கும் அடுத்து? நன்றியுரை. அப்படியானால் காரில் செல்வோரின் கடமைகள் எங்கே? தேடினேன். நோட்டீஸைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பந்தல்காரர் விளம்பரம்தான் இருந்தது.

ஆனாலும் கொடுத்த தலைப்பை விட்டுவிட்டு ஓடுகிறவள் அல்ல நான். கடமையை முதலில் சொல்லிவிடுகிறேன். என் சைக்கிள் சொந்தங்களே, ஒரு கையில் ஹேண்டில்பாரும் ஒரு கையில் போனுமாகப் போகாதீர்கள். முக்காட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு பேசியபடி போகிறீர்களே, எனக்குத் தெரியாதா? மூன்று பேர் வரிசையாக, மூன்று மாமியார்களின் கதையையும் பேசிக்கொண்டு, முழுச் சாலையையும் அடைத்துக்கொண்டு போகாதீர்கள். பின்னால் ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டராவது ஒட்டுங்கள். சர்வீஸ் ரோட்டில் எதிர்ப்பக்கமாக வராதீர்கள். என்ன அண்ணே, கடைசி வரிசையில்? 'லைட்டே போட மாட்றாங்க டீச்சர்' என்கிறீர்களா? உண்மை. லைட்டும் போடுங்கள். அண்ணன் சொன்னதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடமை முடிந்தது. கைதட்டியவர்களுக்கு நன்றி. கைதட்டலில் பாதி கார்க்காரர்களுடையது என்பதும் இங்கிருந்து தெரிகிறது.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன்.

இந்த ஆம்பூர்ப் பக்கத்தில் ஒரு விபத்து நடந்தால், அந்த இடத்துக்கு முதலில் வந்து சேருவது எது? ஆம்புலன்ஸா? இல்லை. போலீஸா? இல்லை. பெற்றவளா, கூடப் பிறந்தவனா? அவர்களும் இல்லை. முதலில் வந்து சேருவது ஒரு சொல். விழுந்தவன் எழுவதற்குள் அது எழுந்து நிற்கும். உருண்ட சக்கரம் நிற்பதற்குள் ஊர் வாயில் அது ஓடத் தொடங்கிவிடும். என்ன சொல் அது? சொல்லுங்கள் பார்ப்போம். ஆமாம், அதேதான். 'குறுக்க வந்துட்டான்.'

பின்னாலிருந்து இடிபட்டு, பிடரியில் அடிபட்டவனும் குறுக்கே வந்தவன். ஓரமாக நின்று செயின் மாட்டிக்கொண்டிருந்தவனும் குறுக்கே வந்தவன். நின்றவன் எப்படி ஐயா வருவான்? யாரும் கேட்பதில்லை. சைக்கிள் என்றாலே அது குறுக்கேதான் வரும் என்று நாமே முடிவு கட்டிவிட்டோம். டீக்கடையில் சொல்கிறோம், பஸ்ஸில் சொல்கிறோம், பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டும் சொல்கிறோம்.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. அடிபட்டவர்களே அதைச் சொல்கிறார்கள். அதைத்தான் இன்று பேச வந்தேன்.

அதோ, முன்வரிசையில், காலை இன்னொரு நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அமிர்தவள்ளி. ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் பிரிவில் வேலை. தெரியாதவர்கள் யார் இங்கே? அவருடைய வலது பாதத்தின் மேல் ஏறியது யாருடைய கார்? அதுவும் உங்களுக்குத் தெரியும். தலைவர் கோவிந்தசாமி அவர்களுடைய கார். மேடை ஏறும் முன் இருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் ஏறினேன். 'உங்கள் பெயரைச் சொல்லட்டுமா?' என்றேன். 'சொல்லு டீச்சர், ஏற்கெனவே ஊரெல்லாம் என் பேருதான் அடிபடுது' என்றார் அமிர்தவள்ளி. தலைவர் என்ன சொன்னார் தெரியுமா? 'பேசுங்க டீச்சர். ஆனா உண்மையைப் பேசுங்க' என்றார். பேசுகிறேன் ஐயா. அதற்குத்தானே வந்தேன்.

ஒரு காலை நேரம். தலைவர் ஒரு கல்யாணத்துக்குப் போகிறார். முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது. சர்வீஸ் ரோட்டில் இடது ஓரமாக இரண்டு சைக்கிள்கள். முன்னால் அமிர்தவள்ளி, பின்னால் அதே கம்பெனியில் அதே லைனில் வேலை செய்யும் ஹுமேரா. அமிர்தவள்ளி ஓட்டியது பள்ளிக்கூடத்தில் அவர் மகளுக்கு அரசு கொடுத்த சைக்கிள். மகள் காலேஜ் போய்விட்டாள், சைக்கிள் அம்மாவுக்கு வந்தது. நம்மூரில் பாதி ஷூ கம்பெனி ஓடுவதே பிள்ளைகளின் இலவச சைக்கிளில்தானே!

கார் வந்தது. ஹுமேராவைத் தாண்டியது. அமிர்தவள்ளியைத் தாண்டியது. தாண்டிய வேகத்திலேயே இடது பக்கம் கல்யாண மண்டபத்து வாசலுக்குள் திரும்பியது. இதோ இப்படி. அமிர்தவள்ளி போகிற பாதையின் மேல் திரும்பியது. அவர் பிரேக் பிடித்தும் சைக்கிள் நிற்கவில்லை. சைக்கிளின் முன் சக்கரம் காரின் இடது கதவில் மோதியது. கீழே விழுந்தவரின் வலது பாதத்தில் காரின் பின் சக்கரம் ஏறியது.

அந்த நொடியில், வாழைமரம் கட்டிய வாசலில், மேளச் சத்தத்துக்கு நடுவே, தரையில் கிடந்தபடி அமிர்தவள்ளி சொன்ன முதல் வார்த்தை என்ன? 'ஐயோ' இல்லை. 'அம்மா' இல்லை. காரிலிருந்து இறங்கி ஓடிவந்த தலைவரைப் பார்த்து, 'நான்தான் குறுக்க வந்துட்டேண்ணே' என்றார்.

கேட்டீர்களா? சாலையில் நேராகப் போனவர் சொல்கிறார். திரும்பியவரிடம் சொல்கிறார். எதற்காகச் சொன்னார்? நான் கேட்டேன். 'தெரியல டீச்சர். தானா வந்துச்சு' என்றார். தானாக வந்ததாம். தாய்மார்களே, உங்களுக்கும் அது தானாக வரும். எதிரே இருப்பவர் கோபப்படுவதற்கு முன்னால் தப்பை நம் தலையில் போட்டுக்கொண்டால் பேச்சு பெரிதாகாமல் முடியும் என்று பழகியிருக்கிறோம். சூப்பர்வைசரிடம் அப்படி, வீட்டுக்காரரிடம் அப்படி, பஸ் கண்டக்டரிடம் அப்படி. எலும்பு உடைந்த வேளையிலும் அந்தப் பழக்கம் உடையவில்லை.

இங்கே தலைவரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் ஓடிப்போகவில்லை. எத்தனை பேர் ஓடுகிறார்கள்! இவர் முகூர்த்தத்தை மறந்தார், தன் கைகளால் தூக்கினார், சீட்டெல்லாம் ரத்தமானதைப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். இன்றும் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். மனிதர் நல்லவர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கேட்பவர்களிடமெல்லாம் அவர் சொல்வது ஒன்றுதான். 'பாவம், அந்தம்மா குறுக்க வந்துட்டாங்க. அவங்களே சொன்னாங்க.' பொய் சொல்கிறாரா? இல்லை. நம்புகிறார். அந்தம்மாவே சொன்னதை இவர் ஏன் நம்பக் கூடாது?

அதனால்தான் சொல்கிறேன், கெட்டவர்கள் சொல்லும் பொய்யைவிட, நல்லவர்கள் நம்பும் இந்தச் சொல்தான் எனக்குப் பெரிய பயம்.

என்ன இது, துண்டுச்சீட்டா? கொடுங்கள். 'சுருக்கமாக முடிக்கவும்.' ஐயா, ஓவர்டேக் செய்யும்போது இந்த அவசரம் வேண்டாம் என்றுதானே இவ்வளவு நேரமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன்? மேடையிலும் என்னைத் தாண்டிக்கொண்டு திரும்பப் பார்க்கிறீர்களே! சிரியுங்கள், சிரியுங்கள். சீட்டு எழுதியவரும் சிரிக்கிறார். முடித்துவிடுகிறேன்.

பின்னால் வந்த ஹுமேராவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் கேட்டேன். அந்தப் பெண் சொன்னதை அப்படியே சொல்கிறேன். 'எங்க ரெண்டு பேரையும் தாண்டிட்டு உடனே லெஃப்ட்ல திரும்பிட்டாரு டீச்சர். அக்கா எங்கதான் போவாங்க?' அக்கா எங்கேதான் போவார்? இதற்குப் பதில் யாரிடம் இருக்கிறது? வலது பக்கம் லாரி. இடது பக்கம் சாக்கடை. முன்னால் திடீரென்று ஒரு கார். மேலே பறப்பாரா? இந்த ஊரில் சைக்கிள்காரர் எங்கேதான் போவார்?

அக்கரையில் கம்பெனி, இக்கரையில் வீடு, நடுவில் பைபாஸ். நம் அப்பன்மார் நேராக நடந்து போன வழி அது. அந்த வழிமேல் சாலையைப் போட்டார்கள், நடுவில் சுவர் வைத்தார்கள், தூரத்தில் எங்கோ ஒரு திறப்பு விட்டார்கள். சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதில்தான் நம் தோலும் செருப்பும் துறைமுகத்துக்குப் போகின்றன, அதில்தான் நம் நோயாளிகள் வேலூருக்குப் போகிறார்கள். ஆனால் முதலில் இருந்தது வழியா, சாலையா? யாருக்கு யார் குறுக்கே வந்தது? சாலை வந்ததைத் திட்டம் என்றோம், மனிதன் வந்ததைக் குறுக்கே என்றோம். எந்த ஊர்த் தமிழ் இது? இப்படியா உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன்?

வண்டி பெரிதானால் பொறுப்பும் பெரிதாக வேண்டும். சைக்கிள் தப்பு செய்தால் காரில் கீறல் விழும். கார் தப்பு செய்தால் ஒரு குடும்பம் விழும். இரண்டும் சமமா? கீறலுக்குப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிக்கலாம். பாதத்துக்கு? அமிர்தவள்ளி மிஷின் பெடலை மிதிப்பது அந்த வலது பாதத்தால்தான். டாக்டர் இன்னும் ஒன்றும் உறுதியாகச் சொல்லவில்லை. 'நீ ஒழுங்கா வந்திருந்தா இப்படி ஆகியிருக்குமா' என்று கம்பெனியிலிருந்து பார்க்க வந்தவர்கள் கேட்டுவிட்டுப் போனார்கள். மகள், 'இனிமே நீ சைக்கிளையே தொடாதம்மா' என்கிறாள். நேராகப் போனவர் வீட்டில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நாளைக் காலை அமிர்தவள்ளி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். தெருவே திரண்டு வந்து யோசனை சொல்லியிருக்கிறது. 'நம்ம கோவிந்தசாமிதானே, குறுக்க வந்தேன்னு சொல்லிட்டு வந்துடு, பேஜார் எதுக்கு' என்று. அவரும் சரி என்று தலையாட்டியிருக்கிறார். தங்கச்சி, ஒன்று கேட்கிறேன். நாளைக்கு நீங்கள் அப்படிச் சொன்னால் என்ன ஆகும்? அந்த மண்டபத்து வாசலில் தப்பே நடக்கவில்லை என்று ஆகும். அங்கே ஒரு வேகத்தடை வராது, ஒரு எச்சரிக்கைப் பலகை வராது. திரும்பும் முன் கண்ணாடியைப் பார் என்று யாரும் யாருக்கும் சொல்ல மாட்டார்கள். அடுத்த முகூர்த்த நாளில் ஹுமேரா போவாள். அவள் எங்கேதான் போவாள்?

யாரையும் திட்டச் சொல்லவில்லை. யாரையும் பழிவாங்கச் சொல்லவில்லை. அண்ணன் அண்ணனாகவே இருக்கட்டும், பழம் வாங்கி வரட்டும். நீங்கள் ஒரே ஒரு சொல்லை மட்டும் மாற்றுங்கள். 'குறுக்க' என்பதை எடுத்துவிட்டு, நடந்தது எதுவோ அந்தச் சொல்லை வையுங்கள். தமிழில் அதற்குச் சின்னதாக ஒரு சொல் இருக்கிறது. உங்களுக்கே தெரியும்.

என்ன தங்கச்சி? ஏதோ சொல்கிறீர்கள். சத்தமே இல்லையே! அந்தக் கையில் பிடிக்கும் மைக்கைக் கொஞ்சம் அவரிடம் கொடுங்கள். பரவாயில்லை, உட்கார்ந்தே பேசுங்கள். என்னைப் பார்க்க வேண்டாம், யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரைப் பார்த்துச் சொல்லுங்கள்.

பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டதா? கேட்கவில்லையா? நான் சொல்கிறேன். 'அண்ணே, நான் நேராத்தாண்ணே போனேன்' என்கிறார்.

கைதட்டாதீர்கள். தயவுசெய்து கைதட்டாதீர்கள். தலைவர் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார். கொஞ்ச நேரம் கொடுங்கள். தாண்டிப் போகாமல் காத்திருப்போம்.

இந்தாருங்கள் ஐயா, மைக். வேண்டாமா? சரி, என்னிடமே சொல்லுங்கள்.

தலைவர் சொல்கிறார். 'நாளைக்கு நானும் கூட வர்றேம்மா. நான் திரும்பினதை நானே சொல்றேன்.'

இதற்கு மேல் நான் பேசினால் அது அதிகப்பிரசங்கம். என் கால்களும் நின்றுவிட்டன. மைக்செட்காரர் கவனித்திருப்பார்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், சீட்டு அனுப்பியும் என்னை நிறுத்தாமல் விட்ட தலைவருக்கும் என் நன்றி. போகும்போது ஒரே ஒரு வேண்டுகோள். கூட்டம் கலைந்ததும் சைக்கிள்கள் முதலில் கிளம்பட்டும். கடைசி சைக்கிள் வளைவைத் தாண்டிய பிறகு கார்களை எடுங்கள். எல்லாரும் நேராக வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.