ஆயுத பூசையில் ஒரு கோல்ஃப் மட்டை

— எந்த மட்டைக்குப் பொட்டு வெச்சீங்க மாமா? ஒண்ணுக்கா, பதினாலுக்குமா?

— அந்தத் தலை பெருத்த ராடு ஒண்ணுக்குத்தான் கண்ணு. உறை மாட்டியிருந்துச்சு பாரு, அதைக் கழட்டி மூஞ்சியில வெச்சேன். சந்தனம், மேல குங்குமம். வெச்சுட்டு உறையைப் பழையபடி மாட்டிட்டேன். அதுக்கென்ன இப்போ?

— ஐயோ! அது நம்ம மட்டை இல்ல மாமா, ரஸ்ஸோடது! மழையில பை நனைஞ்சு போச்சேன்னு காய வைக்கத்தான் நம்ம கராஜுக்குக் கொண்டு வந்தேன். ஆட்டத்துல நான் அவருக்குப் பை தூக்குறவ, அவ்வளவுதான். அதைப் போய் எப்படி மாமா தொட்டீங்க?

— ஆயுத பூசையன்னிக்கு வூட்டுல இருக்குற இரும்புக்கெல்லாம் வெக்கோணுமல்ல? காருக்கு வெச்சேன், புல்லு வெட்டுற மெஷினுக்கு வெச்சேன், எம்பையன் அரவிந்த் லேப்டாப்புக்குக்கூட வெச்சேன். பீளமேட்டுப் பட்டறையில முப்பத்திநாலு வருசம் லேத்துக்கு வெச்சவன் கண்ணு நான். இந்தத் தண்டபாணி பொட்டு வெச்ச லேத்து ஒருநா நின்னதில்ல.

— லேத்து நிக்கல. இங்க எல்லாம் நின்னு போச்சு! காலையில முதல் அடியிலயே பந்துல செவப்பா ஒட்டியிருக்கு. கூட ஆடினவர் பாத்துட்டு நேரா நடுவர்கிட்டப் போயிட்டார். அந்த மட்டையை அப்பவே வாங்கி வெச்சுட்டாங்க.

— அப்ப ஆட்டம்?

— முடிஞ்சுது. அந்த மட்டை இல்லாமலேயே ஆடினார். ஒரே ஒரு அடி வித்தியாசத்துல ஜெயிச்சுட்டார்.

— ஜெயிச்சுட்டானா?

— ஜெயிச்சும் பிரயோஜனம் இல்ல. கோப்பையை மேசை மேல வெச்சுட்டு, தராம காத்துக்கிட்டு இருக்காங்க.

— நெசமாவே ஜெயிச்சுட்டானா கண்ணு?

— ஆமா மாமா, ஆமா! மனுஷனுக்கு நாப்பத்தஞ்சு வயசு. இருபத்திரெண்டு வயசுல அமெரிக்காவுல கொடி கட்டிப் பறந்தவர். அப்புறம் முதுகுல ரெண்டு ஆபரேஷன். பெரிய போட்டியில இருந்தெல்லாம் பேரை எடுத்துட்டாங்க. ஏழு வருஷமா ஊர் ஊராப் போய்ச் சின்னச் சின்னப் போட்டியில ஆடிக்கிட்டு இருக்கார். இன்னிக்கு ஜெயிச்சாத்தான் மறுபடியும் அந்தப் பெரிய போட்டியில இடம், ரெண்டு வருஷத்துக்கு. இல்லன்னா ஒஹையோவுல மச்சினனோட டயர் கடைக்குப் போக வேண்டியதுதான். டிக்கெட்டே போட்டு வெச்சிருக்கார்.

— இப்ப என்ன பண்றான்?

— கூடாரத்துல தலையில கை வெச்சு உக்காந்திருக்கார். என்னை ஒரு வார்த்தை திட்டல. அதுதான் மாமா என்னால தாங்க முடியல. திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல.

— அவன் ஜெயிச்சா நீயும் போறதா இருந்துச்சே? பத்து மாசம்.

— அவரோட பை தூக்க என்னையே கூட்டிட்டுப் போறேன்னார். எனக்கும் ஆசைதான். இப்ப அதுவா முக்கியம்? கொஞ்சம் கவனமாக் கேளுங்க. நான் உங்களோட பேசவே கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. பாத்ரூம்ல ஒளிஞ்சுக்கிட்டுப் பேசுறேன். அஞ்சு நிமிஷத்துல நடுவர் உங்களுக்கு ஃபோன் பண்ணுவார்.

— எனக்கா? எங்கிட்ட என்னத்தைக் கேக்குறது?

— ஒரே கேள்விதான். ஏதோ வழக்கத்துக்குப் பொட்டு வெச்சீங்களா, இல்ல அந்த மட்டை ஆடுற ஆட்டத்தை மாத்தணும்னே வெச்சீங்களா? வழக்கம்னா விட்டுடுவாங்க. மாத்தணும்னே வெச்சிருந்தா, வெச்சது யாரா இருந்தாலும் சரி, அவர் ஜெயிச்சது செல்லாது.

— சாமி கும்பிடுறதைச் சும்மா வழக்கம்னு எப்படிக் கண்ணு சொல்றது? எவன் வெரலும் லேத்துல சிக்கக் கூடாதுன்னு மனசார நெனச்சுத்தான ஒவ்வொரு வருசமும் வெப்பேன்?

— ஐயோ, அவர்கிட்ட லேத்துக் கதையெல்லாம் எடுத்துடாதீங்க! ரஸ் ஜெயிக்கணும்னு வெக்கலன்னு மட்டும் சொல்லிடுங்க. பொய்யா இருந்தாலும் பரவாயில்ல, பாவம் எனக்கு வரட்டும். உங்க கால்ல வேணும்னாலும் விழறேன் மாமா.

— பொய் எதுக்கு? அதை நான் சூடத்தை அணைச்சுச் சத்தியமே பண்ணலாம்.

— நிஜமாவா? அப்பாடா! இப்பத்தான் மாமா எனக்கு உசுரே வந்துச்சு. அப்ப வெறும் வழக்கந்தான்னு சொல்லிடுவீங்கல்ல?

— அரவிந்த் ஆபீசுல இருந்து வந்தா நேரா ரூமுக்குள்ள போயிடுறான். சாப்பிடக் கூப்பிட்டாலும் காதுல அந்தப் பாட்டுக் கேக்குற மாட்டலை மாட்டிக்கிட்டுத்தான் வர்றான். நீ ஒருத்திதான் கண்ணு எங்கூட உக்காந்து நாலு வார்த்தை பேசுற. மருமகளா வந்தவதான், ஆனா நீ வூட்டுல இல்லாத அன்னிக்கு நான் வாயே தொறக்குறதில்ல.

— மாமா, அதெல்லாம் வீட்டுக்கு வந்து பேசலாம். இப்ப ஃபோன் வந்துடும்.

— பத்து மாசம் எப்படித் தள்ளுறதுன்னு ரெண்டு வாரமாத் தூக்கம் இல்ல.

— மாமா, என்ன சொல்ல வர்றீங்க? அந்தப் பொட்டை எதுக்குத்தான் வெச்சீங்க?

— முப்பத்திநாலு வருசத்துல ஒரு மெஷினுக்கும் நான் கெட்டது நெனச்சதில்ல கண்ணு. நேத்துத்தான் மொத மொதலா, அவன் அடிக்கிற ஒரு பந்துகூட நேராப் போகக் கூடாது, தோத்துத் தொலையோணும்னு கும்பிட்டு வெச்சேன்.